இலவசக் கருவி பேசியது

தொழிற்சாலையில் கேட்பறையைக் கடக்கும்போதெல்லாம் முதலாளியின் நடை தானாக வேகமெடுக்கும். விற்பனைக்குப் போகும் காது மெஷின்களை அங்கே சிறு ஒலிபெருக்கியில் பொருத்தி ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். இயக்கியதும் ஒவ்வொன்றும் சிரிப்பு தோய்ந்த ஒரே குரலில், "கேக்குதா?" என்று கேட்கும். அது அவருடைய மனைவியின் குரல். அவள் போய் இரண்டு வருடமாகிவிட்டது; குரல் மட்டும் நாள் தவறாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

ஒன்று விற்றால் ஒன்று இலவசம் என்பது அவள் வகுத்த விதி. வசதியுள்ளவர் வாங்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஈடாக, வாங்க வழியில்லாத ஒருவரின் காதுக்கு இன்னொன்று போகும். வியாபாரம் சூடுபிடித்ததே அந்த விதியால்தான். முதலாளி தம் பங்குக்கு அதில் ஒரு கிளைவிதியைச் சேர்த்திருந்தார்: இலவசமாகப் போவது கேட்பறைக்குள் நுழைய வேண்டியதில்லை, மெஷினில் விளக்கு எரிந்தால் பெட்டியில் போட்டுவிடலாம்.

இலவசப் பிரிவைக் கவனித்துக்கொள்பவள் மனைவியின் தங்கை. அன்று காலை அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அத்தான், மெஷின் தானா பேசுதுன்னு ஒரு தையல்காரம்மா சொல்லி விட்டிருக்காங்க."

"எல்லா மெஷினும்தான் பேசும். கேக்குதான்னு கேக்கும்."

"அதுக்கப்புறமும் பேசுதாம்."

"ரொம்ப வயசானவங்களா?"

"உங்க வயசுதான்."

அவர் சிரிக்கவில்லை. குரலைப் பதிவு செய்த நாளன்று பதிவுக் கருவி நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கடைசி ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்தார்கள். வெட்டாத முழுப் பதிவு இலவச மெஷின்களில் ஏறியிருந்தால், அதைக் கேட்டுப் பிடிக்க வழியே இல்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அன்று மச்சினி அவர் சட்டையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்: "முன்னாடியே ஏதும் சொல்லலையா அவ?" ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"நான் போய் வாங்கிட்டு வர்றேன். நீ எதுக்கு அலையணும்?"

"இலவச மெஷினைப் பாக்க நீங்க என்னைக்குப் போயிருக்கீங்க? வாங்க, நானும் வர்றேன்."

தையல்கடை ஒரு ஆள் புரளும் அகலம்தான். வெட்டுத்துணி கணுக்கால்வரை கிடந்தது. தையல்காரம்மா வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு ஸ்டூலைத் தட்டிப் போட்டாள்.

"பழுதுன்னு யாரு சொன்னா? காய்ச்சல்ல காது போறதுக்கு முன்னாடி நான் எல்லாம் கேட்டவதான். எது மெஷின், எது மனுஷின்னு தெரியாதா? மெஷின் வாங்கின மத்தவங்க இதுவும் மெஷினோட வழக்கம்னு நினைச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணு இப்போ எப்படி இருக்கான்னு கேக்கத்தான் சொல்லி விட்டேன்."

"எந்தப் பொண்ணு?" என்றாள் மச்சினி.

முதலாளி முந்திக்கொண்டு கை நீட்டினார். தையல்காரம்மா மெஷினைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைத்து இயக்கினார்.

கேக்குதா?

பிறகு நாற்காலி நகரும் ஓசை. பிறகு அவருடைய குரலே: இன்னும் கொஞ்சம் சிரிச்ச மாதிரி சொல்லு.

முடியலைங்க. நாலு நாளா மூச்சு வாங்குது. மாடி ஏறவே பயமா இருக்கு.

இது முடியட்டும். எங்க, சொல்லு.

ஒரு நீண்ட மூச்சு. அதன் முடிவில், சிரித்துக்கொண்டு: கேக்குதா?

ஊரெல்லாம் விற்ற சொல் அதுதான்.

"சின்னப் பழுது," என்றார் முதலாளி. மெஷின் அவர் சட்டைப்பைக்குள் போனது. "புதுசு அனுப்பி வைக்கிறேன். இதுமாதிரி போனதெல்லாத்தையும் திரும்ப வாங்கிடலாம்."

காதில் எதுவுமில்லாத தையல்காரம்மா கடையே அதிரப் பேசினாள். "தினமும் காலையில இதே புலம்பல்தான், பாவம்! உக்காருடி, வேலை எங்கயும் ஓடிடாதுன்னு நான்தான் பதில் சொல்லுவேன். அந்த ஆளுக்குத்தான் சுத்தமா காது கேக்கலை போலிருக்கு. அவனுக்கு ஒரு மெஷின் குடுத்தீங்களா?"

மச்சினி உள்ளங்கையை நீட்டினாள். கை அப்படியே நின்றது. பையை மூடியிருந்த அவர் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

அவள் ஒரு தடவை கேட்டாள். அணைத்து, மறுபடியும் இயக்கிக் கேட்டாள். "அக்கா" என்று உதடு மட்டும் அசைந்தது.

"நான் அன்னைக்கு..." என்று தொடங்கினார் அவர்.

"என்கிட்ட வேண்டாம் அத்தான்." மெஷினைத் துடைத்து, தையல்காரம்மாவின் காதில் அவளே பொருத்தி இயக்கினாள். "எப்படி இருக்கான்னு இவங்கதானே கேட்டாங்க? இவங்ககிட்ட சொல்லுங்க. இப்போ கேக்கும்."

அவர் வாயைத் திறந்தார். தையல்காரம்மா ஊசி பிடித்த விரலை உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள். "அவ பேசி முடிக்கட்டும்."