ஐந்து நொடி அழுத்தினால்

காலை ஏழு பத்துக்கு மழை விட்டது. பந்தயப் பாதை இன்னும் ஈரமாக இருந்தது. பல் டாக்டர் தன் புது ஸ்போர்ட்ஸ் காரில், சக்கரம் வழுக்காமல் காக்கும் ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை அணைக்க அதன் பொத்தானை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மற்ற வண்டிகளோடு மூன்று சுற்று அடித்தார். ஒரு வளைவில்கூட வண்டி பிசகவில்லை.

"பார்த்தியா? எந்த உதவியும் இல்லாம, வெறும் கைதான்!"

பக்கத்தில் இருந்த கொழுந்தியாள் பந்தயக் கார் மெக்கானிக். டேஷ்போர்டில் சிமிட்டிக்கொண்டிருந்த மஞ்சள் விளக்கைக் காட்டினாள்.

"மாமா, ஒரு தட்டுல பாதிதான் அணையும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அப்படியே இருக்கு. வண்டி திரும்பிடாம ஒவ்வொரு வளைவுலயும் அதுதான் பிரேக் போட்டுச்சு. அதை அணைக்க அஞ்சு செகண்ட் அழுத்தணும். வேணாம்."

"அப்ப நான் ஓட்டலையா?"

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுகிட்டு இருந்தீங்க."

டாக்டருக்குச் சுருக்கென்றது. வண்டி ஒருமுறை சுழன்றாலும் மறுநாளே விற்றுவிட வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. அவள் வேலியோரம் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். இருந்தும் ரோஷம் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நொடி அழுத்தினார்.

முதல் வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. மரமும் வேலியும் கண்முன் ஓடின. அரைவட்டம் அடித்த வண்டி, கீறல்கூட இல்லாமல் புல்லில் ஏறிச் சமர்த்தாக நின்றது.

"மாமா, மூச்சு விடுங்க," என்றாள் கொழுந்தியாள்.

அதற்குள் போன் அடித்து, காரின் ஸ்பீக்கரில் மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, எல்லா வண்டியும் அந்தப் பக்கம் போகுது, நீங்க மட்டும் ஏன் என்னைப் பார்த்துகிட்டு நிக்கிறீங்க?"