ஏழாம் அறையின் பல்பு

"கையெழுத்துப் போட மாட்டேன்" என்று தாளை எழுத்தரிடமே திருப்பி நீட்டினாள் விடுதிக்காரி.

சாப்பாட்டு மேசைகளை ஒதுக்கிய இடத்தில், விடுதியின் வெள்ளைப் போர்வைக்குள் அவள் அண்ணன் கிடந்தான். தாளில், 'நேற்றிரவு குடிபோதையில் படகுத்துறையிலிருந்து தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதியிருந்தது. பதினொரு வருஷமாகத் தொடாதவன். ஒரே வரியில் மறுபடியும் குடிகாரனாக்கிவிட்டார்கள்.

"துறை விளக்கு பளிச்சுனு எரியுதும்மா, நீங்களே பாருங்க" என்றார் படகுத்துறை அதிகாரி. "அந்த வெளிச்சத்துலயும் விழுந்தா வேற என்ன காரணம் இருக்கும்?"

ஜன்னல் வழியே பார்த்தாள். பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது, இரண்டு மாதமாக எரியாத விளக்கு. நான்கு மனு எழுதியிருக்கிறாள். "யாராவது விழுந்து சாகப்போறாங்க" என்று அண்ணன் காதிலும் தினம் ஓதியிருக்கிறாள்.

"எப்ப சரி பண்ணீங்க?"

"அது... முன்னாடியே பண்ணியாச்சு."

காணாமல் போன துண்டு, சீப்பு, ஒருமுறை ஒருவருடைய பல்செட்டையே கண்டுபிடித்துக் கொடுத்ததால் ஊரில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். நேற்று சாயங்காலம் ஏழாம் அறையில் பல்பைக் காணோம் என்று, அங்கே தங்கியிருந்த சோப்பு வியாபாரியின் பெட்டியைத் திறக்கச் சொல்லி மனிதரை ஒரு வழி பண்ணிவிட்டாள். அவர் இப்போது வாசலோரம் நின்றார். அவரைப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள்.

மேசை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"பொணத்தப் போட்டுட்டு எங்கடி போறே?" என்று அத்தை கத்தினாள்.

"அவன் வேலையப் பாக்கத்தான் போறேன், அத்தை."

ஊரே பின்னால் வந்தது. விளக்குக் கம்பத்தின் இரும்புப் படிகளில் ஒன்று துருப்பிடித்து, பிய்ந்து தொங்கியது. செருப்பை உதறிவிட்டு ஏறினாள். துணியைச் சுற்றிப் பல்பைக் கழற்றி, இறங்கி, அதிகாரியின் மூக்குக்கு நேரே பிடித்தாள். கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சால் 7. தங்க வருகிறவர்கள் மாற்றிக்கொண்டு போகாமலிருக்க, விடுதிப் பல்பு எல்லாவற்றிலும் அறை எண் எழுதிவைப்பாள்.

"எங்க பல்பு உங்க கம்பத்துக்கு எப்படி வந்துச்சு? குடிச்சவனா ஏறி மாட்டினான்? உங்க வேலைய அவன் பாத்தான், உங்க படி ஒடஞ்சுது. அப்படியே எழுதுங்க."

"எழுதுங்க சார், நான் சாட்சி" என்றார் சோப்பு வியாபாரி. "எம் பெட்டில அந்தப் பல்பு இல்லன்னு இந்தம்மாவே பாத்தாங்க."

எழுத்தர் அதிகாரியைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்தார்.

கேட்டால் திட்டுவாள் என்றுதான் சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறான். திட்டித்தான் இருப்பாள். அவள் அழவில்லை, அழுதால் அதிகாரிக்கு வசதியாகப் போய்விடும். மறுபடி ஏறிப் பல்பை மாட்டினாள். அவள் கையிலேயே அது எரிந்தது.

மதியம் அண்ணனைத் துறை வழியாகவே தூக்கிப் போனார்கள். வெயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி அதை அணைக்க சுவிட்சில் கை வைத்தார்.

அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். அவர் கையை எடுத்துக்கொண்டார்.