பின்கதவில் விழுந்த கை

பட்டறைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன கொள்கை. கண் விழுந்த வண்டி நம் வாசலைத் தாண்டக் கூடாது.

எண்ணெய்ப் பிசுக்கைச் சரியாகத் துடைக்காமல் பெயிண்ட் அடித்தால், அந்த இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகிக் குழிகுழியாகத் திறந்துகொள்ளும். அதைத்தான் பட்டறையில் கண் என்பார்கள். கடுகளவு கண் விழுந்தாலும் கதவு முழுவதையும் தகரம் தெரிய மறுபடி தேய்க்க வைத்துவிடுவார் அப்பா. கெஞ்சினாலும் மசிய மாட்டார்.

அப்பேர்ப்பட்டவருடைய வீட்டு வண்டியிலேயே ஒரு முழுக் கை விழுந்திருந்தது.

பட்டறைக்காரரின் மனைவி புதுப்பெண்ணாக வந்த சமயம் அது. தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், துடைத்துத் தயாராக நின்ற இடப்பக்கப் பின்கதவில் கையை ஊன்றிக்கொண்டு, "எவ்வளவு வழவழன்னு இருக்கு!" என்றாள். அவள் போனபின் மறுபடி துடைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெயிண்ட் விழ விழ, ஐந்து விரலும் உள்ளங்கையும் புள்ளிப் புள்ளியாக எழுந்து வந்தன. பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "விடுங்கடா. வீட்டு வண்டி, வீட்டு ஆள் கை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் மன்னித்தார், மருமகள் தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை. அன்று முதல் பட்டறைக்குள் கால் வைத்தால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். பெயிண்டர் சும்மா இருப்பாரா?

"எல்லாரும் எழுந்து நில்லுங்க, அண்ணி பரிசோதனைக்கு வந்திருக்காங்க!"

அவளும் சளைத்தவளல்ல. "முதல்ல உன் மூஞ்சியைத் துடைச்சுட்டு வாப்பா. பட்டி பூசித் தேய்க்காம விட்ட மாதிரி இருக்கு."

வீட்டில்தான் அவள் குரல் இறங்கும். "பார்க்கிறவங்க சிரிக்கிறாங்கங்க. அதை அழிச்சுத் தொலைங்களேன்."

"அடுத்த மாசம் பண்ணிடலாம்."

ஊரான் வண்டிகளுக்கு நடுவே அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வண்டியைக் கழுவும்போதெல்லாம் அந்தக் கதவை மட்டும் அவர் கடைசிக்கு வைத்துக்கொள்வார்.

இப்போது அந்த வண்டி மகளோடு அவள் புகுந்த வீட்டுக்குப் போகிறது. முழு வண்டிக்கும் புதுப் பெயிண்ட். கண்ணாடிகளுக்குக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. மகள் வந்து கதவருகே நின்றாள்.

"இதை மட்டும் விட்டுடுங்கப்பா."

"உன் மாமியார் வீட்டு வாசல்ல நிக்கப்போற வண்டிம்மா. பட்டறைக்காரன் பொண்ணு கொண்டுவந்த வண்டியோட லட்சணத்தைப் பாருன்னு நாலு பேர் பேசணுமா?"

"பேசட்டுமே. எங்கம்மா கைன்னு சொல்றேன்."

"உங்கம்மா சாகிறவரைக்கும் இதை அழிக்கத்தான் சொன்னா."

"சரி, சொன்னாங்க. உங்களுக்கு இது போனாப் பரவாயில்லையா?"

அவர் துணி தேடுகிறவர்போலத் திரும்பிக்கொண்டார். கை இருந்தால் மனைவியின் மானம் போகிறது. கை போனால் அவளே இன்னொரு முறை போகிறாள். ஆனால் அழிக்கச் சொன்னவள் அவள். சொன்ன சொல்லை இழுத்தடித்தவர் இவர். இனியும் இழுத்தால் அது இந்தக் குடும்பத்துக்கு அழகில்லை.

வலக்கையில் தின்னர் நனைத்த துணி, இடக்கையில் உலர்ந்த துணி. ஈரத்துணி பிசுக்கைக் கிளப்பும். அது காய்வதற்குள் உலர்ந்த துணி அதை அள்ளிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் பிசுக்கு இடம் மாறி உட்காருமே தவிர ஒழியாது. துடைத்து முடித்து உப்புத்தாளை எடுத்தார். முதலில் உள்ளங்கை மங்கியது. பிறகு கட்டைவிரல். சுண்டுவிரல்தான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. கொஞ்ச நேரம் அதை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

கடைசியில் தகரம் தெரிந்தது. தூசி தட்டி, மறுபடி இரண்டு துணிகளாலும் துடைத்தார். கதவு வெறுமையாக, வழவழவென்று நின்றது.

அவர் அதன்மேல் கையை வைத்தார். தொழிலுக்கு வந்த நாள் முதல் செய்யாத காரியம். கைப்பிடிக்குக் கீழே, அதே இடத்தில், உள்ளங்கை முழுவதும் பதிய ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அப்பா! கை!"

சுட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

பெயிண்டருக்கு அப்போதுதான் வாய் வந்தது. "அண்ணே, காலையிலதானே தலைக்கு எண்ணெய் வச்சீங்க? இன்னொரு கை முளைக்கவா?"

"நகருங்கப்பா" என்றாள் மகள். "கையைப் பின்னாடி கட்டுங்க."

அவள் அம்மாவின் அதே குரல். அவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நேரமும் மகளின் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்திருக்கின்றன. அப்படி நிற்க யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. இப்போதுதான் அவற்றைப் பிரித்து இரண்டு துணிகளையும் வாங்கிக்கொண்டாள். வலக்கையில் ஈரம், இடக்கையில் உலர்ந்தது. அப்பா கை பட்ட இடத்தை அழுத்தித் துடைத்தாள்.

அவர் இரண்டடி தள்ளிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"பிரைமர் அடிக்கலாமா அண்ணே?" என்றார் பெயிண்டர்.

"என்னைக் கேட்காதே. அவளைக் கேளு."