தலையாட்டுபவருக்கு ஒரு மோட்டார்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. தரையிலிருந்து மேலே வந்தது.

லாய்-ஹொக்கின் படகு மோட்டார் கடைக்கு மேல்மாடியில் பத்தொன்பது வருடமாகக் குடியிருக்கிறேன். பெங்ஹு தீவுகளுக்குக் கடற்பாசி ஆராய வந்தவன், ஆராய்ச்சி முடிந்தும் கிளம்பவில்லை. மாடியின் தரைப்பலகையில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு இருக்கிறது. அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சோயாப்பால் குடித்தால், கீழே நடக்கும் வியாபாரம் முழுக்கக் கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்லாதீர்கள். வாடகையில் இதுவும் சேர்த்தி என்று லாய்-ஹொக்கே சொல்லியிருக்கிறார்.

கணவாய்ப் பருவம் தொடங்க மூன்று வாரம் இருந்த ஒரு காலையில் கேட்டது இது.

"அந்த டூ ஸ்ட்ரோக்கையே எடுத்து வை, லாய்-ஹொக். பேச்சே வேணாம்." இது தியாம்-சாய். ஐம்பத்தெட்டு வயது மீனவர். குரல் எப்போதும் எதிர்ப் படகுக்குக் கேட்கிற மாதிரிதான் வரும்.

"பேச்சு வேணும்." இது அவர் மனைவி பிக்-ஹா அக்கா. இருவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். "இருபத்தாறு வருஷமா அந்தச் சனியன் போடற சத்தத்துல நமக்குள்ள பேச்சே இல்லாமத்தான் இருக்கோம்."

"அதனாலதான் குடும்பம் ஒழுங்கா ஓடுது."

லாய்-ஹொக் சிரித்தார். மேலே நானும் சிரித்தேன். சோயாப்பால் மூக்கில் ஏறியது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, இரண்டு மோட்டார், ஒரு கடைக்காரர். ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

வடகிழக்குக் காற்று ஓய்ந்த அந்தக் காலையில் கடல் ஒரு

(வேண்டாம். கடலில் தொடங்கினால் பத்து வரிக்கு மேல் எனக்கே தூக்கம் வரும்.)

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ஒருமுறை மேலே போய் ஒருமுறை கீழே வருவதற்குள்

(இதற்குக் கையேடு இருக்கிறது. லாய்-ஹொக்கிடம் இலவசமாகவே கிடைக்கும்.)

தியாம்-சாய் ஒரு பிடிவாதக்காரர். அவர் மனைவியோ

(இந்த 'யோ'வைப் போட்டதுமே கதை எங்கே போகும் என்று தெரிந்துவிடுகிறது.)

சரி, வழக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய மோட்டார் உப்பு தின்று செத்துவிட்டது. டூ ஸ்ட்ரோக் ஐம்பத்துமூன்று கிலோ. ஐப்பசியில் காற்று தொடங்கி மோட்டாரைக் கழற்றும்போது தனியாளாகத் தோளில் தூக்கிக் கரையேறலாம். தியாம்-சாய் அப்படித்தான் ஏறுவார், முடிந்தவரை ஆட்கள் பார்க்கிற நேரமாகப் பார்த்து. நடுக்கடலில் நின்றுபோனால் பிளக்கைத் துடைத்துப் போட்டால் ஓடும். ஃபோர் ஸ்ட்ரோக் எண்பது கிலோ, இரண்டு பேர் வேண்டும். பழுதானால் லாய்-ஹொக் கம்ப்யூட்டரைச் செருகி, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். ஆனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், புகை கிடையாது, எண்ணெய் கலக்கிற வேலை கிடையாது. அந்தக் கலக்கல் வேலை இத்தனை வருடமும் அக்காவுடையது. கடைசியாக ஒன்று, சத்தமும் கிடையாது.

அக்கா சொன்ன காரணம் தலைவலி. புகையால் வருவது. தியாம்-சாய் சொன்ன காரணம் ஆண்மை. இரண்டும் பொய். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். கதைக்காரனுக்கு இவ்வளவு அவசரம் ஆகாது.

அவசரம் தியாம்-சாய்க்கும் இருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிடங்கில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. இனிமேல் வரப்போவதில்லை. பக்கத்துத் தீவுக்காரன் ஒருவன் கேட்டிருக்கிறான், வெள்ளிக்கிழமை வரைதான் வைத்திருப்பேன் என்று லாய்-ஹொக் சொல்லிவிட்டார்.

(நாலு என்ற எண் சாவு என்பதுபோல ஒலிப்பதால் இந்த ஊரில் ஆகாது என்பதை வைத்தே கதையை ஓட்டியிருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். தியாம்-சாயின் வீட்டு எண் நாற்பத்துநான்கு. ஓடாது.)

3

புதன்கிழமை லாய்-ஹொக் தன் படகில் ஃபோர் ஸ்ட்ரோக்கைப் பொருத்தி, "அண்ணே, ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பிடிக்கலைன்னா நானே வாயை மூடிக்கறேன்" என்றார்.

தியாம்-சாய் படகின் பின்முனையில் வலது ஓரத்தில் உட்கார்ந்து, இடது கையால் மோட்டாரின் பிடியைப் பிடித்தார். மோட்டார்ப் படகு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் உட்காருவார்கள். இடது காது மோட்டார் பக்கம், வலது காது கடல் பக்கம். தியாம்-சாய்க்கு இது முப்பத்தைந்து வருடப் பழக்கம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் மறந்தாலும் மறப்பேன்.

சாவியைத் திருப்பினார். மோட்டார் பூனை மாதிரி முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அவர் மறுபடியும் சாவியைத் திருப்பினார். கரகரவென்று பல் உடைகிற சத்தம். லாய்-ஹொக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓடிட்டுத்தான் இருக்கு அண்ணே."

தியாம்-சாய் தலையாட்டிவிட்டு மூன்றாவது முறையாகத் திருப்பினார்.

லாய்-ஹொக் குனிந்து, அவர் கையை மெல்லச் சாவியிலிருந்து எடுத்துவிட்டார். தியாம்-சாயின் முகம் வெந்த நண்டின் நிறத்துக்கு வந்தது. "சாவி இறுக்கமா இருக்கு. மட்டமான சாவி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் லாய்-ஹொக் மாடியேறி வந்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எனக்குச் சொன்னார். நான் உங்களுக்குச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சத்தியம் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

முதல் வரைவில் தியாம்-சாயை 'எதற்கும் தலையாட்டுகிற நல்ல மனிதர்' என்று எழுதியிருந்தேன். ஊரில் அப்படித்தான் பெயர். என்ன கேட்டாலும் தலையாட்டுவார். கோயில் கமிட்டியில் அவர் மூன்று வருடமாகப் பொருளாளர். எப்போது சம்மதித்தார் என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை எவனோ அவர் வலையைக் கேட்டான், தலையாட்டினார். வலை இன்னும் திரும்பவில்லை. என் பிறந்த நாளுக்குச் சாப்பிட வாருங்கள் என்று நான் கூப்பிட்டபோது தலையாட்டிவிட்டு, அதே நாளில் மீன்பிடிக்கப் போய்விட்டார். ரொம்ப நாள் எனக்கு மனத்தாங்கல் இருந்தது.

இத்தனைக்கும் காரணம் நல்ல மனசு என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

பிக்-ஹா அக்காவையும் தப்பாகத்தான் எழுதியிருந்தேன். வாய் ஓயாமல் புருஷனைக் குடைகிறவர் என்று. கணவாய்ச் சேமியா சூப்பை எனக்கு ஒரு கிண்ணம் அதிகமாக ஊற்றுகிறவரைப் பற்றி அப்படி எழுதியது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

5

வியாழக்கிழமை. வேறு வழி தெரியாமல் விஷயத்தைக் கடலம்மா மாசூவிடம் கொண்டுபோனார்கள்.

கோயிலில் கேட்கிற முறை இதுதான். கையில் இரண்டு பிறைக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு; தட்டை மேலே இருந்தால் மல்லாக்க. அம்மனிடம் பெயர், விலாசம், விஷயம் எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுக் கட்டைகளைத் தரையில் போட வேண்டும். ஒன்று மல்லாக்கவும் ஒன்று குப்புறவும் விழுந்தால் 'ஆமாம்'. இரண்டும் குப்புற விழுந்தால் 'கூடாது'. இரண்டும் மல்லாக்க விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள், திரும்பக் கேட்க வேண்டும் என்று அர்த்தம்.

நான் அங்கே தூணோரம் நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். காற்றுக்கு ஒதுங்கினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? சாம்பிராணிப் புகைக்கு நடுவே மூன்று பெண்கள் அம்மனுக்கு எரிக்கிற காகிதப் பணம் மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நாலடி பின்னால் கைகூப்பி நின்றார்.

தியாம்-சாய் மண்டியிட்டார். கண்ணை மூடினார். வாய்க்குள் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

அதாவது, அவர் முணுமுணுப்பதாக நினைத்தார்.

"தாயே, நான் தியாம்-சாய். தெற்குத் துறை, நாப்பத்திநாலாம் நம்பர் வீடு. விஷயம் என்னன்னா, எனக்கு இடது காது போயி நாலு வருஷமாச்சு. வலதும் பாதிதான். வீட்ல தெரியாது. தெரியவும் கூடாது."

காகிதம் மடித்த கைகள் நின்றன. என் வாயில் கடலை அப்படியே நின்றது.

"டூ ஸ்ட்ரோக் ஓடறப்ப எவனுக்குமே காது கேக்காது தாயே. அப்ப நானும் மத்தவங்களும் ஒண்ணு. அந்தச் சத்தமில்லாத மோட்டாரு வந்துச்சுன்னா இவ பேசுவா. பேசினா நான் பதில் சொல்லணும். காது கேக்காதவனை இவ கடலுக்கு விடமாட்டா. கரையில உக்காந்து நான் என்ன செய்ய? எனக்கு வேற என்ன தெரியும்? நீயே சொல்லு. டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?"

வெளியே கொடிமரத்தடியில் நின்ற நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. (நாய் நான் சேர்த்தது. மற்றது எல்லாம் நடந்தது.)

கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாக்க. அம்மன் சிரித்தாள்.

"ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேக்கணும் அண்ணே" என்றார் பூசாரி, தரையைப் பார்த்தபடி. தியாம்-சாய் தலையாட்டிவிட்டு அதே கேள்வியை அதே முணுமுணுப்பில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் இரண்டும் மல்லாக்க.

மூன்றாம் முறை ஒரு கட்டை குப்புற விழுந்தது. மற்றது துள்ளி, உருண்டு, படையல் மேசைக்கு அடியில் போய்விட்டது. அக்கா குனிந்து மேசைத்துணியை விலக்கி உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எப்பிடிக் கிடந்துச்சு?" என்று கேட்டார் தியாம்-சாய்.

அக்கா அவருடைய இடது பக்கம் நின்று, வழக்கமான குரலில் சொன்னார்: "எருமை. நாலு வருஷமா எனக்குத் தெரியும். மிச்சக் காதாவது இருக்கட்டும்னுதான் சத்தமில்லாததைக் கேட்டேன். தலைவலி எனக்கு ஏது?"

தியாம்-சாய் பக்தியோடு தலையாட்டினார். "அம்மன் சொன்னா சரிதான்."

காகிதம் மடித்த பெண்களில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இரண்டும் வந்தது.

6

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது?

முடிவு அ: டூ ஸ்ட்ரோக். அவர் மானத்தைக் காப்பாற்ற அக்காவே விட்டுக்கொடுக்கிறார். "எனக்குத் தலைவலி விட்டுப் போச்சு. உனக்குப் பிடிச்சதை வாங்கு" என்கிறார். படகு பழையபடி அலறிக்கொண்டு போகிறது. மூன்று வருடத்தில் வலது காதும்

(முடிக்க மனம் வரவில்லை.)

முடிவு ஆ: ஃபோர் ஸ்ட்ரோக். தியாம்-சாய் ஒரே நாளில் திருந்தி, டாக்டரிடம் போய், காதில் கருவி மாட்டிக்கொண்டு

(அவரைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். டாக்டரிடமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார்.)

முடிவு இ: மேசைக்கு அடியில் கட்டை எப்படிக் கிடந்தது என்பதை அக்கா கடைசியில் சொல்லிவிடுகிறார். நான் கேட்டுப் பார்த்தேன். "உனக்குக் கதை வேணும்னா நீயே குனிஞ்சு பார்த்திருக்கணும் தம்பி" என்று சூப்பை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

லாய்-ஹொக்குக்கு எந்த மோட்டார் விற்றது என்று தெரியும். சொல்வதற்காக மாடிக்கே வந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முழுக்கத் தரை இடுக்கில் துணியை அடைத்துவைத்தேன். எழுதுகிறவன் செய்கிற காரியமா என்று நீங்கள் கேட்கலாம். பத்தொன்பது வருடத்தில் கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டுவிட்டேன், இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

7

சனிக்கிழமை காலை அவர்கள் கிளம்பியபோது நான் அலைதடுப்புச் சுவர்மேல் நின்றேன். கடைசி வடகிழக்குக் காற்று என் முதுகிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. படகின் சத்தம் எதுவும் என்னிடம் வரவில்லை. புகை வந்திருந்தாலும் காற்று கலைத்திருக்கும். தூரத்தில் இரண்டு வகை மோட்டாரும் கறுப்புத்தான். அந்த நேரத்துக்கு நான் தியாம்-சாயைவிடச் செவிடு.

ஆனால் கண் தெரிந்தது. முப்பத்தைந்து வருடமாக வலது ஓரத்தில் உட்கார்ந்தவர், இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கையால் பிடியைப் பிடித்துக்கொண்டு, நேற்றுத் தொழிலுக்கு வந்தவன் போலக் கோணல்மாணலாகப் படகைத் திருப்பினார். துறையில் வலை உதறிக்கொண்டிருந்த பத்துப் பேரும் பார்த்தார்கள். வாயாடிகள் நிறைந்த துறை அது. பத்துப் பேரும் குனிந்து வலையை உதறுவதிலேயே குறியானார்கள்.

அக்கா வழக்கமாக உட்காரும் படகின் முன்முனையில் இல்லை. எதிரே, தியாம்-சாயின் நல்ல காது இருந்த பக்கம் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து ஏதோ சொன்னார்.

இங்கே மோட்டாரை நீங்கள்தான் மாட்ட வேண்டும். நான் மாட்டமாட்டேன். டூ ஸ்ட்ரோக் என்றால் அக்கா கத்தியிருப்பார், ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் சும்மா பேசியிருப்பார். அதற்கேற்ற வார்த்தைகளையும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தியாம்-சாய் வழக்கம்போலத் தலையாட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். இடது கையைத் தூக்கி, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், வலது காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டார்.

அக்கா இரண்டாம் தடவை சொன்னார்.