அஞ்சாவது பேரு

பங்காருபேட்டை ரோட்டோரம் கம்பெனிக்காரன் கல்லு நடுறானாம். தங்கச் சுரங்கம் சரிஞ்சு செத்த அஞ்சு பேரோட பேரும் அதுல வருமாம். உயிரோட இருந்தப்ப எவன் பேரைக் கேட்டான் அவன்? சரி, செத்த பிறகாவது கேட்டானே. ஆனா அந்த அஞ்சாவது பேருதான் ரத்தினம்மா வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டுச்சு. முனியப்பன்னு வெட்டப்போறாங்க. செத்தது அவ புருஷன் காத்தவராயன்.

அன்னிக்கு முனியப்பனுக்குக் காய்ச்சல். மூணு நாள் வரலைன்னா பேரை அடிச்சிடுவாங்க. கம்பெனி கட்டின லைன் வீடுகள்ல எல்லாரும் செய்யறதுதான், அவனோட நம்பர் போட்ட பித்தளை பில்லையை வாங்கிக்கிட்டு காத்தவராயன் இறங்கினான். வெள்ளைக்காரனுக்கும் அவன் ரைட்டருக்கும் நம்பர்தானே தெரியும், மூஞ்சியா தெரியும்? பாறை விழுந்துச்சு. பொணத்தைக்கூட எடுக்காம பாறை விழுந்த அந்த லெவல் முழுசையும் அடைச்சிட்டானுங்க, பாவிங்க.

ரெஜிஸ்டர்ல முனியப்பன் செத்தான். செத்தவனுக்கு ஏது வேலை? நாலு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு இன்னா பண்ணுவான்? வீட்டுல கிடந்த காத்தவராயன் பில்லையை எடுத்துக்கிட்டு, காத்தவராயனா அவன் இறங்க ஆரம்பிச்சான்.

பொணமும் இல்ல, குழியும் இல்ல. ரத்தினம்மாவுக்கு இனி அந்தக் கல்லுதான் எல்லாம். கல்லுல நாலு பேரு வெட்டியாச்சுன்னு கேட்டதும் ரெஜிஸ்டர் எழுதற ரைட்டர்கிட்ட ஓடினா. "அய்யா, அஞ்சாவதா காத்தவராயன்னு போடுங்க!"

ரைட்டர் ரெஜிஸ்டரைப் புரட்டினார். "நேத்துகூட ஷிப்டுக்கு இறங்கியிருக்கானே! உயிரோட இருக்கற புருஷன் பேரையா கல்லுல வெட்டச் சொல்ற? இன்னா பொம்பள நீ, நெத்தியில பொட்டு வேற!"

அந்தப் பொட்டு! ரைட்டர் தினம் காலையில லைனைச் சுத்தி வர்றவராச்சே, தெரிஞ்சுடுமேன்னு, முனியப்பன் பொண்டாட்டி தன் பொட்டை அழிச்சிட்டு வந்து, ரத்தினம்மா கால்ல விழுந்து வெச்சுக்கச் சொன்ன பொட்டு.

ஷிப்டுக்குப் போற வழியில முனியப்பனும் அங்கேயே நின்னான். "சொல்லிடு தங்கச்சி, நான் தடுக்கல" ன்னு ரைட்டர் காதுல விழாம முணுமுணுத்தான்.

சொன்னா இவனுக்கு வேலை போகும், வீடு போகும், ஜெயில்கூட உண்டு. யாருக்காகப் புருஷன் இறங்கினானோ, அந்தக் குடும்பத்தை இவளே தெருவுல நிறுத்தணும். அய்யோ, எப்படி மனசு வரும்?

"புத்தி பிசகிப்போச்சுங்கய்யா" ன்னா.

சாயங்காலத்துக்குள்ள அஞ்சாவது பேரை வெட்டி முடிச்சாங்க. கல்லு நட்ட அன்னிக்கு முனியப்பன் பொண்டாட்டி முன்னாடி நின்னு மாலை போட்டா. அவ அழுதது காத்தவராயனுக்காகத்தான், நிஜமான அழுகை. ரத்தினம்மா கூட்டத்துக்குப் பின்னால, அழக்கூட முடியாம நின்னா. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திட்டு, பொட்டை அழிச்சிட்டு, வாயில புடவையைத் திணிச்சுக்கிட்டு அழுது தீர்த்தா.

காலையில கம்பெனி சங்கு ஊதுச்சு. ரைட்டர் வர்ற நேரம். ரத்தினம்மா கண்ணாடியை எடுத்துப் பொட்டு வெச்சுக்கிட்டா.