விதைக்கு விட்ட வரிசை

1

இந்தக் கதை பீடோங் பாசாரில் ஒரு சண்டையில் பிறந்தது. கட்டுக்குள் பூத்த தண்டைச் செருகிவிட்டார் என்று கீரைக்காரரிடம் எகிறினேன். "அது விதைக்கு விட்டதுலா அக்கா, கைதவறி வந்திருச்சி" என்றார். அந்தத் தண்டோடு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று.

2

முதல் தொடக்கம்: 1943, மலாயா. சுங்கை லாலாங்கின் மேல் இருள் கவி—

வேண்டாம். ஜப்பான்காரன் காலம் என்றாலே இருளைக் கூப்பிட்டுவிடுகிறோம்.

இரண்டாவது: வெயில் கொளுத்தியது. சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால், செல்லாயி தன் கெபுனில் கீரைப் பாத்திகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவள் புருஷன் பழனியாண்டி மண் கொத்தினான். அரிசி இல்லை. மரவள்ளியும் கீரையும்தான் சாப்பாடு.

[தண்டுக்கீரை. மலாய்க்காரர்கள் பாயாம் என்பார்கள். இதைச் சொல்லாவிட்டால் என் தங்கை எந்தக் கீரை என்று கேட்டே உயிரை எடுப்பாள்.]

3

குழந்தைவேலு கங்காணி மூச்சிரைக்க ஓடிவந்தார். (அடித்துவிட்டேன். கங்காணிகள் அவ்வளவு சுலபமாக ஓடமாட்டார்கள். வேகமாக நடந்து வந்தார்.)

"தம்பி, ஜப்பான்காரன் கீரைக் கெபுன் பாக்க வர்றான். கெபுன் சீரழிஞ்சு கெடந்தா, அந்த வீட்டு ஆம்பளையத்தான் மொதல்ல சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிக்கிறான்."

"எங்களது சுத்தமாத்தானே இருக்குண்ணே?"

கங்காணி ஓரத்து வரிசையைக் காட்டினார். இலை பழுத்து, இடுப்பளவு வளர்ந்து, பூத்து நின்றது. நம் ஆட்கள் இருப்பதிலேயே நல்ல செடிகளைத்தான் கிள்ளாமல் விதைக்கு விடுவார்கள்.

"நமக்குத் தெரியும். அவனுக்கு இது சோம்பேறி கெபுன். பிடுங்கிப் போடு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

விதை இன்னும் முற்றவில்லை. கடைகளிலும் விதை கிடையாது. பிடுங்கினால் இன்று தப்பலாம். அடுத்த முறை வெறும் பாத்திதான் இருக்கும். அவன் மறுபடியும் வருவான்.

4

முடிவு ஒன்று: அதிகாரி குனிந்து பூவைத் தொட்டுப் பார்க்கிறான். அவனும் விவசாயி மகன். சிரிக்கி—

நிறுத்திவிட்டேன். அவன் சிரிக்கவேண்டும் என்று எனக்குத்தான் ஆசை.

முடிவு இரண்டு: செல்லாயி பூத்த செடிகளுக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டி, பராமரிப்பாகக் காட்டுகிறாள். நல்ல யோசனைதான். அதற்குள் லாரிச் சத்தம் கேட்டுவிட்டது. லாரியைக் கொண்டுவந்தவளும் நான்தான். எனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

5

செல்லாயி முதல் செடியைத் தண்டோடு பிடித்தாள். பழனியாண்டி அவள் கையைப் பற்றினான்.

"வேணாம் புள்ள. கொஞ்ச மாச வேலைதான்னு சொல்றாங்க. நான் போனாலும் திரும்பி வந்துருவேன். வெத போனா நீ என்னத்தத் திம்ப?"

"நெசமா வந்துருவீங்களா?"

அவன் தலையாட்டினான்.

போனவர்களில் எத்தனை பேர் திரும்பவில்லை என்று நான் படித்திருக்கிறேன். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் இருவருக்கும் தெரியாது. அவள் பிடி தளர்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் கத்தினால் அவளுக்குக் கேட்காது. கதை எழுதுகிறவளின் குரல் கதைக்குள் இருப்பவர்களுக்கு எட்டுவதில்லை. வாசிக்கிறவர் குரல் எட்டுமோ என்னவோ, தெரியவில்லை. லாரி லயத்து முனையில் திரும்புகிறது. அவன் திரும்பி வரமாட்டான் என்று யாராவது அவளிடம் சொல்லுங்கள்.