முன்தேதியிட்ட பதவி

வாருங்கள், வந்து இந்த மேசையருகே நில்லுங்கள். அல் ஐன் நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்றின் விளையாட்டு அலுவலகம் இது. மேசைமேல் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. ஒரு மனிதனை உயர்த்துவதுபோல் உயர்த்திக் குழியில் இறக்குவது எப்படி என்பதை அவை உங்களுக்குக் காட்டும்.

முதல் தாள், கார்மேகத்தின் பதவி உயர்வு. பெரியகுளத்து மண் ஆடுகளத்தில் கூடைப்பந்து கற்று மாவட்ட அணிக்கு ஆடிய அவன், ‘ஸ்டோர் ஹெல்பர்’ விசாவில் இங்கே வந்தான். பந்துக்குக் காற்றடிக்க வந்தவன் தலையில் ஆறே மாதத்தில் பெண்கள் அணியின் பயிற்சி முழுவதும் விழுந்தது. தலைமைப் பயிற்சியாளர் போட்டியன்று வருவார், புகைப்படத்தில் நிற்பார். கார்மேகமோ பெஞ்சின் கடைசி நாற்காலியில், தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் இருந்து, விரல்களாலேயே ஆட்டத்தை நடத்துவான். ‘உதவிப் பயிற்சியாளர்’ என்று ஒரு வரி எழுதித் தரும்படி ஆறு ஆண்டுகளாக மன்றாடினான். அந்த வரி இருந்தால் வேறு கல்லூரிக்குப் போகலாம். ஒருநாள் தலைமைப் பயிற்சியாளரும் ஆகலாம். இன்று பிற்பகல் அந்த வரி வந்துவிட்டது.

இரண்டாம் தாளை அவன் இருமுறை படித்தான். நேற்றுப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்த அணியின் முக்கிய ஆட்டக்காரி அப்ஸானா, யாரும் மோதாமலேயே தரையில் சாய்ந்தாள். ஒரு நிமிடம் நினைவில்லை. கார்மேகம் அவள் மணிக்கட்டைப் பிடித்தபோது நாடி நின்று நின்று துடித்தது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று மேலாளர் விஜயபாஸ்கரிடம் ஓடிச் சொன்னான். அதற்கு வந்த மறுமொழிதான் இந்தத் தாள்: நாளைய இறுதிப் போட்டியில் ஆட அப்ஸானாவுக்கு முழு உடல்தகுதி உண்டு, சான்றளிப்பவர், உதவிப் பயிற்சியாளர். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

கார்மேகம் பதவிக் கடிதத்தின் தேதியைப் பார்த்தான். போன மாதத் தேதி. அப்படியானால், அவள் விழுந்தபோதே பொறுப்பு அவனுடையதாம்.

“ஆறு வருஷமா நச்சரிச்ச. இப்பக் கையில குடுத்தா தேதியப் பாக்குறியே, கல்யாணப் பத்திரிகையாப்பா இது?” என்று சிரித்தார் விஜயபாஸ்கர்.

“டாக்டர் ஒரு தடவ பாத்துரட்டும் சார்.”

“டாக்டர் பாத்தா அவ நாளைக்கு உக்காந்துருவா. அவ இல்லேன்னா கப்பு மாஃபி, கெடையவே கெடையாது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஹெல்பர் விசாவுல கோச்சிங் பண்ணதே தப்பு. வெளிய தெரிஞ்சா மொதல்ல யாரப் பிடிப்பாங்க?”

ஐந்து மணிக்குள் கையெழுத்து வேண்டும் என்றார். தவறு செய்ய வைத்தவர்களே அந்தத் தவறைக் காட்டி மிரட்டும் கொடுமையைக் கண்டீர்களா? அவன் தாள்களை ஏந்தி வெளியே வந்தான். நாடு கடத்துவதற்காக விமான நிலையத்தில் தன் பெயரைக் கூவி அழைப்பதும், ஊரில் மனைவி விஜி கதவைத் திறந்து திகைப்பதும் கண்முன் வந்து போயின.

ஆடுகள வாசலில் அப்ஸானா காத்திருந்தாள். உதட்டில் நிறமில்லை.

“கோச், ஐ ஆம் ஃபைன். வாப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க. கேமையே நிப்பாட்டிருவாங்க.”

சொன்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்தினான். பர் துபாயில் துணிக்கடை வைத்திருக்கும் அவள் தந்தை செய்கு முகம்மதுவின் எண்ணை இருமுறை தப்பாக அழுத்தி, மூன்றாம் முறை சரியாக அழுத்தினான்.

“யாரு பேசுறது?”

ஸ்டோர் ஹெல்பர் என்றால் யார் நம்புவார்? உதவிப் பயிற்சியாளர் என்றால் அந்தப் பொய்த் தேதிக்கு அவனே சாட்சி.

“நேத்து ஒங்க மக மயங்கி விழுந்தப்ப பக்கத்துல நின்னவன்ங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு ஆட விட்றாதீங்க.”

மறுமுனையில் கடையின் ஷட்டர் இறங்கும் ஓசை கேட்டது. அழைப்பு முடிந்த கணமே, கையிலிருந்த போனில் விஜயபாஸ்கரின் பெயர் ஒளிர்ந்தது. மணி ஐந்து. கையெழுத்துக் கோடு வெறுமையாகவே இருந்தது. அவன் போனை எடுத்தான்.

நாளை அந்தப் பெஞ்சின் கடைசி நாற்காலி காலியாக இருக்கலாம். பெற்றோரே, கைதட்டுமுன் எழுந்திருங்கள். உங்கள் மகளின் தகுதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்திட்டவர் மருத்துவர்தானா என்று பாருங்கள். அந்த நாற்காலிக்காரன் எங்கே என்று கேளுங்கள். விடை வரும்வரை ஒருவரும் உட்காராதீர்கள்.